பளபளப்பு பூத்துப் போனால்: கார் மெழுகுத் தொழில் செய்யும் தம்பிமார்களுக்கு ஒரு பாடம்



நம் அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடனைப் பெற்றுச் சிறு தொழில் தொடங்கியவர்களில், கார் கழுவி மெழுகு பூசும் வேலைக்கு வந்தவர்கள் இப்போது சிலர் இருக்கிறார்கள். பெரும்பாலும் வளைகுடா நாடுகளில் கார் கழுவும் இடங்களில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள். கை சுத்தமானவர்கள், உழைப்புக்கு அஞ்சாதவர்கள். அவர்களில் ஒரு தம்பிக்கு நேர்ந்த சங்கடத்தையும், அதிலிருந்து நாங்கள் எல்லோருமாகக் கற்றதையும் இந்த இதழில் பாடமாக எழுதுகிறோம். தொழில் செய்பவர்களுக்கு மட்டுமல்ல, சொந்தக் காருக்குத் தாமே மெழுகு பூசிக்கொள்பவர்களுக்கும் இது பயன்படும்.

நடந்தது இதுதான்

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் பெய்த ஒரு வாரம். கல்யாண வீட்டுக் கறுப்புக் கார் ஒன்று மாலை நாலு மணிக்கு அந்தத் தம்பியின் கடைக்கு வந்தது. மறுநாள் மாப்பிள்ளை ஏற வேண்டிய வண்டி. தம்பி கழுவித் துடைத்து, சீலன்ட் இரண்டு கை, அதன்மேல் மெழுகு இரண்டு கை, ஆக நாலு பூச்சு ஒரே மாலையில் போட்டான். இரவு எட்டு மணிக்கு டியூப் லைட் வெளிச்சத்தில் முகம் பார்க்கலாம் போல இருந்ததாம்.

விடியற்காலையில் பார்த்தால் பானெட்டும் ரூஃப்பும் பாலாடை படர்ந்தது போல மங்கிக் கிடந்தன. துடைத்தால் போகும், பத்து நிமிடத்தில் திரும்ப வரும். வண்டிக்காரருக்குக் கோபம் வந்ததில் தப்பில்லை. "பெயின்ட் போயிட்டு தம்பி. புதுசா அடிச்சுத் தா, இல்லேன்னா ரூவாயக் குடு" என்று நின்றார். தம்பி பதறிப்போய், மங்கலை அறுத்து எடுத்துவிடலாம் என்று பஃபிங் மெஷினில் கம்பளிப் பேடை மாட்டி, காம்பவுண்ட் போட்டு வலது பக்கக் கதவில் ஓட்டத் தொடங்கிவிட்டான். அந்த நேரத்தில்தான் எங்களுக்குப் போன் வந்தது. "காக்கா, நேத்து கண்ணாடி போல இருந்துது, இன்னைக்குப் பூத்துப்போய் கிடக்கு" என்றான்.

"மெஷினை நிறுத்து. நாங்கள் வரும்வரை ஒன்றும் செய்யாதே" என்று சொல்லிவிட்டு, வண்டிகளுக்குப் பெயின்ட் அடித்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரையும், மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடும் ஓர் ஆசாரியையும் கூட்டிக்கொண்டு போனோம். அன்று அந்த இருவரிடமிருந்து கேட்டதும், பிறகு படித்துச் சரிபார்த்ததும்தான் கீழே வருகிறது.

முதலில் தெரிய வேண்டியது: பெயின்ட் எவ்வளவு கனம்?

இன்றைய கார்களில் தகரத்தின்மேல் பிரைமர், நிறப்பூச்சு, அதன்மேல் நிறமில்லாத கிளியர் கோட் என்று அடுக்குகள் உண்டு. எல்லாம் சேர்ந்து கம்பெனி பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். நாம் எழுதும் வெள்ளைத் தாள் ஒன்றின் கனம் ஏறக்குறைய 100 மைக்ரான். ஒரு தாளின் கனம்தான் மொத்தப் பெயின்ட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான். மழையையும் வெயிலையும் தாங்குவது அதுதான். கம்பளிப் பேடும் காம்பவுண்டும் ஒவ்வொரு ஓட்டத்திலும் அதில் சில மைக்ரானைச் சுரண்டி எடுத்துவிடும். எடுத்தது திரும்ப வராது.

மெழுகோ, துடைத்த பிறகு ஒரு மைக்ரான்கூட நிற்காத ஏடு. அந்த ஏட்டில் உள்ள குறைக்காகக் கிளியர் கோட்டை அறுப்பது, சட்டையில் தூசி என்று தோலை உரிப்பது போல. ஆகவே மங்கல் கண்ணில் பட்டவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எதை வைத்துத் தேய்க்கலாம்" என்பதல்ல. "இந்த மங்கல் எந்த அடுக்கில் இருக்கிறது" என்பதே.

பழைய அம்பாசடர் போன்ற வண்டிகளில் கிளியர் கோட் கிடையாது. நிறப்பூச்சுதான் மேல்பூச்சு. 1923இல் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி கார்களுக்கென்று கொண்டுவந்த லாக்கர் பெயின்ட்டின் பெயர் டூக்கோ. நம் ஊர் பெயின்டர்கள் இன்றும் ஸ்பிரே பெயின்ட்டை அந்தப் பெயரால்தான் அழைக்கிறார்கள். அப்படிப்பட்ட பழைய வண்டியைப் பாலிஷ் செய்யும்போது துணியில் வண்டியின் நிறம் ஒட்டுவது இயல்பு. புதிய வண்டியில் நிறம் ஒட்டினால் கிளியர் கோட் போய்விட்டது என்று பொருள். உடனே நிறுத்திவிட வேண்டும்.

பளபளப்பு என்பது என்ன?

நம் ஊர் அரண்மனையின் கறுத்த தரையைப் பார்க்காதவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு என்று அதன் பக்குவத்தைப் பலரும் சொல்வார்கள். திருவிதாங்கூரின் தலைநகர் 1795இல் திருவனந்தபுரத்துக்கு மாறிய பிறகும் இத்தனை காலமாக அந்தத் தரை ஒளிர்வது, அதன்மேல் ஏதோ தடவி வைத்திருப்பதால் அல்ல. பரப்பு வழுவழுப்பாக இருப்பதால். வழுவழுப்பான பரப்பில் பட்ட வெளிச்சம் ஒரே திசையில் திரும்புகிறது, அதனால் முகம் தெரிகிறது. நுண்ணிய மேடுபள்ளமோ, படிவோ, கீறலோ இருந்தால் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறுகிறது. அந்தச் சிதறலைத்தான் நாம் மங்கல் என்கிறோம். வெள்ளை வண்டியில் இது கண்ணுக்குத் தெரியாது. கறுப்பு வண்டி எதையும் மறைக்காது.

ஆகவே மங்கல் என்பது ஒரே நோய் அல்ல. படிவாலும் வரும், கீறலாலும் வரும், பெயின்ட்டின் உள்ளே கோளாறு இருந்தாலும் வரும். மூன்றுக்கும் மருந்து வேறு.

ஒரே மாலையில் நாலு பூச்சு ஏன் பூத்தது?

மெழுகிலும் சீலன்ட்டிலும் பூசுவதற்கு இலகுவாகக் கரைப்பான் கலந்திருக்கிறார்கள். பூசிய பின் கரைப்பான் ஆவியாகிப் போக வேண்டும், மிச்சம் உள்ளது பெயின்ட்டின்மேல் இறுக வேண்டும். சீலன்ட் என்பது செயற்கைப் பாலிமர். அதைத் துடைத்து எடுத்த பிறகும் உள்ளுக்குள் இறுகுவதற்கு நேரம் வேண்டும். பல டப்பாக்களில் 12 முதல் 24 மணி நேரம் என்று அச்சிட்டிருப்பார்கள். தம்பி கொடுத்தது முக்கால் மணி நேரம்.

அதற்குள் இரண்டாம் கை போட்டபோது, அதில் இருந்த கரைப்பான் கீழே இறுகாமல் இருந்த முதல் கையை இளக்கிவிட்டது. அதன்மேல் மெழுகு வந்து மூடிக்கொண்டது. கீழே இருந்த கரைப்பான் இரவெல்லாம் வெளியே வர வழி தேடி மெல்ல மெல்லக் கசிந்தது. துடைத்தால் போய், பத்து நிமிடத்தில் திரும்ப வந்ததன் காரணம் இதுதான். புழுங்கலரிசியைச் சரியாகக் காய வைக்காமல் டப்பாவில் அடைத்தால் மூடியில் வேர்க்குமே, அது போல.

அதோடு பனியும் சேர்ந்தது. ஆசாரி இதைக் கேட்டதும் சிரித்தார். மரத்துக்கு அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பிரெஞ்சு பாலிஷ் மழைநாளில் வெளுத்துவிடும், அதனால் ஐப்பசி, கார்த்திகையில் பாலிஷ் வேலையை மதியத்தோடு முடித்துவிடுவோம் என்றார். காரணம் எளிது. உள்ளங்கையில் ஸ்பிரிட் ஊற்றினால் சில்லென்று இருக்கிறது அல்லவா? கரைப்பான் ஆவியாகும்போது பரப்பைக் குளிர வைக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர்த்துளி படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. வேளிமலை அடிவாரத்தில் இருக்கும் நம் ஊரில் மாலைக்கு மேல் தகரத்தைத் தொட்டால் ஈரம் ஒட்டும். வளைகுடாவின் உள்நாட்டு வறண்ட காற்றில் கற்ற கைக்கணக்கு இங்கே அப்படியே செல்லாது.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறோம். கல்யாண வண்டி, ராத்திரியே முடித்துக் கொடு என்று அவனை அவசரப்படுத்தியவர்களில் நாங்களும் உண்டு.

நோயைக் கண்டுபிடிக்கும் முறை

அன்று பானெட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி ஓர் அடிக்கு ஓர் அடி சதுரம் பிரித்தோம். சோதனை எல்லாம் அந்தச் சதுரத்துக்குள்தான். மென்மையான முறையில் தொடங்கி, அது போதவில்லை என்றால் மட்டுமே அடுத்ததற்குப் போனோம். வரிசை இது:

1. டார்ச் பார்வை. நிழலில் வண்டியை நிறுத்தி, போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடியுங்கள். வெளிச்சப் புள்ளியைச் சுற்றிச் சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது கீறல். கோடே இல்லாமல் பனிமூட்டம் போல இருந்தால் அது படிவாக இருக்கும். திட்டுத் திட்டாக எண்ணெய் வானவில் தெரிந்தால் சீலன்ட் கனமாக நின்றுவிட்டது.

2. உலர்ந்த புதிய மைக்ரோஃபைபர் துண்டு. அழுத்தாமல் துடையுங்கள். போய்விட்டால் குற்றம் பழைய துண்டில்தான். அன்று எங்களுக்கு இழுபட்டதே தவிரப் போகவில்லை.

3. பிழிந்த ஈரத் துண்டு, உடனே உலர்ந்த துண்டு. தண்ணீரில் கரையும் படிவு இதில் போகும். துடைத்தபின் கால் மணி நேரம் காத்திருந்து பாருங்கள். திரும்ப வந்தால் கரைப்பான் இன்னும் உள்ளே இருக்கிறது.

4. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். மருந்துக்கடையில் 70 சதவீதத்தில் கிடைக்கும். அதில் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு நீர் சேர்த்து, துண்டில் தெளித்துத் துடையுங்கள். (பெயரில் ஆல்கஹால் இருக்கிறதே என்று ஒரு தம்பி தயங்கினார். இது குடிக்கும் பொருள் அல்ல, குடித்தால் விஷம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். தீப்பிடிக்கும், ஆகவே அடுப்போ பீடியோ அருகில் கூடாது. கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.) இதில் மங்கல் போய் மறுநாளும் வராமல் இருந்தால், கோளாறு மெழுகு அடுக்கில் மட்டுமே இருந்தது. பெயின்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

5. ஆல்கஹாலுக்குப் பிறகும் மங்கல் நின்றால், ஒரு சொட்டு ஷாம்பு கலந்த நீரால் அந்த இடத்தை நனையுங்கள். நனைந்திருக்கும்போது மங்கல் மறைந்து, காய்ந்ததும் வந்தால் அது மேற்பரப்பின் கீறல். தண்ணீர் கீறலை நிரப்பிச் சமப்படுத்துவதால் மறைகிறது. நனைந்தபோதும் வெளுப்பு அப்படியே தெரிந்தால் பெரும்பாலும் கோளாறு பெயின்ட்டின் உள்ளேதான். அதை எந்த மெழுகும் தீர்க்காது.

தின்னரும் பெட்ரோலும் இந்த வரிசையில் இல்லை என்பதைக் கவனியுங்கள். தின்னர் ஒர்க்‌ஷாப்பில் அடித்த பெயின்ட்டைக் கரைத்துவிடும். பெட்ரோல் தீ ஆபத்து. மண்ணெண்ணெயால் துடைக்கும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அது தற்காலிகமாக மின்னும், ஆனால் எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும். அதன்மேல் எந்தச் சீலன்ட்டும் பிடிக்காது.

அன்று என்ன ஆயிற்று?

பானெட்டும் ரூஃப்பும் நாலாவது படியிலேயே தெளிந்தன. பெயின்ட் போகவே இல்லை. மேலே இறுகாமல் கிடந்த நாலு பூச்சும் துண்டில் வந்தன, அவ்வளவுதான். வலது பக்கக் கதவில் மட்டும் ஆல்கஹாலுக்குப் பிறகும் மங்கல் நின்றது. டார்ச்சில் பார்த்தால் வட்ட வட்டமான கோடுகள். அது அன்று காலை கம்பளிப் பேடால் தம்பியே உண்டாக்கியது. மெழுகில் இருந்த நோய்க்கு வைத்தியம் செய்யப்போய், நோயில்லாத கதவில் புதிய நோயை உண்டாக்கியிருந்தான். பெயின்டர் பெரியவர் மென்மையான நுரைப் பேடில் மிக மெல்லிய பினிஷிங் பாலிஷை வைத்துக் கையாலேயே அரைமணி நேரம் தேய்த்தார். கோடு மறைந்தது.

பானெட்டின் முன்விளிம்பில் ஒரு சாண் அளவு வெளுப்பு மட்டும் எதற்கும் அசையவில்லை. நனைத்தாலும் தெரிந்தது. எப்போதோ ஒர்க்‌ஷாப்பில் அடித்த பெயின்ட் அது, உள்ளுக்குள்ளேயே மங்கியிருக்கிறது என்றார் பெரியவர். வண்டிக்காரர் முதலில் நம்பவில்லை. வண்டி வந்தபோது எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். தம்பியிடம் படம் இல்லை. முன்பே இருந்தது என்று சொல்ல நம்மிடம் சாட்சி இல்லை. கடைசியில் வண்டிக்காரர் தம் மச்சானுக்குப் போன் போட்டுக் கேட்டார். இரண்டு வருஷம் முன்பு மோதி அடித்தது என்று அவர் சொன்ன பிறகே முகம் தெளிந்தார். அவர் பொய் சொல்லியிருந்தால் தம்பியின் கடன் இரட்டித்திருக்கும்.

காலை பத்தரைக்கு வண்டி புறப்பட்டது. மெழுகு எதுவும் பூசாமல், வெறும் பெயின்ட்டின் மினுக்கத்தோடு. மாப்பிள்ளை ஏறும்போது யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை. சீலன்ட்டை மறுவாரம் முறையாகப் பூசிக்கொடுத்தான், கூலி வாங்காமல்.

எப்போது வந்தது என்று கேளுங்கள்

மங்கல் தோன்றிய நேரமே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும்.

துடைத்த உடனேயே என்றால்: கனமாகப் பூசியிருப்பீர்கள், அல்லது காய்வதற்குள் துடைத்திருப்பீர்கள், அல்லது துண்டு ஏற்கெனவே மெழுகைக் குடித்து நிறைந்திருக்கும். வெயிலில் சுட்ட தகரத்தில் பூசினாலும் இழுபடும்.

மறுநாள் காலையில் என்றால்: இறுகாத பூச்சின்மேல் பூச்சு, அல்லது இரவுப் பனி.

சில நாள் கழித்து என்றால்: பாலிஷ் கீறலை எண்ணெயும் மெழுகும் நிரப்பி மறைத்திருந்தன. எண்ணெய் போனதும் கீறல் வெளிப்படுகிறது. குற்றம் மெழுகில் அல்ல, அதற்கு முந்திய பாலிஷ் வேலையில்.

வெயிலில் நின்ற பிறகு என்றால்: மெழுகு வேர்க்கிறது. பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை இனத்தின் ஓலையிலிருந்து எடுக்கும் கார்னாபா மெழுகு 82 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆனால் டப்பாவில் வருவது தனிக் கார்னாபா அல்ல. அதோடு கலந்த எண்ணெயும் மென்மையான மெழுகுகளும் அதற்கு முன்பே இளகி மேலே வரும். வெயிலில் நிற்கும் கறுப்பு பானெட் 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். நிழலில் நிறுத்தி ஆறவிட்டுத் துடைத்தால் போதும்.

கழுவிய பிறகு என்றால்: தண்ணீரைச் சந்தேகியுங்கள். உங்கள் கிணற்று நீரில் சில சொட்டு ஒரு கண்ணாடித் துண்டின்மேல் விட்டுக் காயவிடுங்கள். வெள்ளை வளையம் நின்றால் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த நீர். கழுவியதும் காயவிடாமல் துடைக்க வேண்டும். முடிந்தால் கடைசி அலசலுக்கு மழைநீரைச் சேமித்து வையுங்கள். படிந்துவிட்ட சுண்ணாம்புக்கு, வெள்ளை வினிகரில் சம அளவு நீர் கலந்து துடைத்து உடனே நன்றாக அலசுங்கள்.

செராமிக் என்று விற்கும் பூச்சு வகைகளுக்கு ஓர் எச்சரிக்கை. அதில் மிச்சம் நின்று இறுகிவிட்டால் ஆல்கஹாலுக்கு அசையாது, பாலிஷ் செய்துதான் எடுக்க வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் அது இன்னும் சீக்கிரம் இறுகும். ஆகவே மழைநாளில் சிறு சிறு பகுதியாகப் பூசி, விடாமல் துடைத்துச் செல்லுங்கள்.

அடுக்குவதற்கு முறை உண்டு

சீலன்ட் கீழே, மெழுகு மேலே. இதைத் தலைகீழாக்கக் கூடாது. சீலன்ட் சுத்தமான பெயின்ட்டைப் பிடித்து நிற்க வேண்டியது. மெழுகின்மேல் பூசினால் அதற்குப் பிடிப்பு இல்லை, மங்கலும் வழுக்கலும்தான் மிஞ்சும். அழுக்கு நீக்கும் பொருள் கலந்து வரும் கிளீனர் மெழுகுகளையும் சீலன்ட்டின்மேல் போடாதீர்கள். அவை கீழே உள்ளதை எடுத்துவிடும்.

வேலையின் வரிசை: கழுவுதல், ஒட்டிய அழுக்கைக் கிளே பாரால் எடுத்தல், தேவை இருந்தால் மட்டும் பாலிஷ், ஆல்கஹால் நீரால் துடைத்தல், பிறகு சீலன்ட் ஒரு கை. சிறிய கார் முழுவதற்கும் சுமார் 30 மில்லி போதும். இருப்பது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிசாக இருக்க வேண்டும். விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு சுத்தமாக விழுந்தால் துடைக்கலாம், ஈசிக்கொண்டு வந்தால் இன்னும் பொறுங்கள். துடைத்த பின் டப்பாவில் சொன்ன நேரம் வரை கூரைக்குக் கீழே நிறுத்துங்கள். மழைக்காலமானால் அதற்கு மேலும் கொடுங்கள். மறுநாள் மெழுகு ஒரு கை.

இரண்டாம் கையால் உள்ள பயன், முதலில் விட்டுப்போன இடத்தை மூடுவது. மூன்றும் நான்கும் கண்ணுக்கும் காப்புக்கும் சொல்லும்படி எதுவும் சேர்ப்பதில்லை. புதிய கையின் கரைப்பான் கீழுள்ள மெழுகையும் சேர்த்து இளக்குவதால், நாலு கை போட்டால் நாலு கை கனம் நிற்பதில்லை. நாலு கைக்குக் கூலி வாங்குவது நியாயமா என்று இதை வைத்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

துண்டு இரண்டு வேண்டும்: ஒன்று எடுக்க, மற்றொன்று மினுக்க. நாலாக மடித்தால் எட்டு முகம் கிடைக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் முகம் மாற்றுங்கள். துவைக்கும்போது துணிகளை மென்மையாக்கும் திரவம் சேர்க்காதீர்கள், அது துண்டில் தங்கி வண்டியில் படலமாக வரும். தரையில் விழுந்த துண்டு அன்றைக்கு வேலைக்கு ஆகாது.

புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டிக்கு 30 முதல் 90 நாள் வரை மெழுகோ சீலன்ட்டோ கூடாது, எத்தனை நாள் என்பதைப் பெயின்ட் அடித்தவரிடமே கேளுங்கள். அதன் கரைப்பானும் வெளியே வர வேண்டும் அல்லவா?

இனி நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

கடைக்கு வரும் வண்டி நம்மிடம் தரப்பட்ட அமானிதம். வரும்போதே வண்டியை நாலு பக்கமும் சுற்றிப் படம் எடுத்து, பழைய கீறலையும் வெளுப்பையும் உரிமையாளரிடம் காட்டி, அவர் போனுக்கே அனுப்பிவிடுங்கள். நேரம் போதாத வேலையை நேரம் போதாது என்று சொல்லுங்கள். "இன்னைக்குக் கழுவித் துடைச்சுத் தாரேன், பூச்சு அடுத்த வாரம்" என்று சொல்வதால் ஒரு நாள் வியாபாரம் குறையலாம். நாலு பூச்சு போட்ட அந்தத் தம்பி ஒரு பூச்சின் கூலியும் பெறவில்லை. தவறு நேர்ந்தால் மறைக்காமல் வண்டிக்காரரை அழைத்து, சோதனைச் சதுரத்தை அவர் கண்முன்னே செய்து காட்டுங்கள். அன்று வண்டிக்காரரின் கோபம் தணிந்தது எங்கள் பேச்சால் அல்ல, தெளிந்த அந்த ஓர் அடிச் சதுரத்தைப் பார்த்துத்தான்.

கடன் கொடுக்கும் எங்களுக்கும் இதில் பாடம் உண்டு. மெஷின் வாங்கப் பணம் கொடுத்தோம், அதைப் பிடிக்கக் கற்றுத்தரவில்லை. இனி இந்தத் தொழிலுக்குக் கடன் கேட்டு வருபவர்கள், பெயின்டர் பெரியவரிடம் பத்து நாள் உடனிருந்து பழகிய பிறகே மெஷினுக்கான தொகையைப் பெறுவார்கள் என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. பழைய வண்டியின் கழற்றிப் போட்ட பானெட் ஒன்றையும் அலுவலகத் திண்ணையில் வாங்கி வைத்திருக்கிறோம். கை பழக வேண்டியவர்கள் அஸருக்குப் பிறகு வரலாம், துண்டு மட்டும் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும்.